ஃபேன் ஓடுகிறது

என் வேலைக் குறிப்பேட்டில், 16-5-1993 ஞாயிற்றுக்கிழமைக்குக் கீழே இப்படி இருக்கிறது:

"பிளாக்கில் வெடிப்பு. இன்ஜின் முடிந்தது. உரிமையாளரிடம் சொல்லியாயிற்று. ஃபேன் ஓடுகிறது."

நான்கு வாக்கியங்கள். முதல் இரண்டும் தவறு. மூன்றாவது உண்மை, துரதிர்ஷ்டவசமாக. நான்காவதும் உண்மை. அந்த நான்காவதுதான் என்னை நான்கு வாரம் முட்டாளாக்கியது.

நம் பகுதி மெக்கானிக்குகளின் ஆண்டு மலருக்கு, புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதச் சொன்னார்கள். நான் சரியாகப் பார்த்த வண்டிகளைப் பற்றி எழுதலாம் என்று குறிப்பேடுகளை எடுத்தேன். அவற்றில் ஒன்றுமே இல்லை. வண்டி வந்தது, பார்த்தேன், போனது. தவறாகப் பார்த்த வண்டிகளுக்கோ பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறேன். ஆகவே அதில் ஒன்று.

தாம்பரம் அருகே இரும்புலியூரில், ஜிஎஸ்டி நெடுஞ்சாலையை ஒட்டி எனக்கு ஒரு ஷெட் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் திறக்க மாட்டேன். பல்லாவரம் சந்தைக்குப் போய்விடுவேன். மற்றவர்கள் அங்கே பழைய கியர்பாக்ஸும் டைனமோவும் தேடுவார்கள். நான் யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன மோட்டார் புத்தகங்களைத் தேடுவேன். வாடிக்கையாளர்கள் எனக்கு "புக்கு மெக்கானிக்" என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை நான் பாராட்டு என்றே பல வருடங்கள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

வண்டி சேலையூர் ஸ்டெல்லாவுடையது. ஐம்பதுகளில் வந்த ஒரு இங்கிலாந்து மாடல். கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தப்பு கம்பெனி மேல் இல்லை. எந்தக் காலத்திலோ யாரோ அதன் கூரையை அறுத்தெடுத்து, பின் சீட்டை உயர்த்தி, ஊர்வலக் காராக மாற்றியிருந்தார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு அதில் மாப்பிள்ளை உட்கார்ந்து வருவார். சர்ச் கல்யாணமென்றால் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து போவார்கள். ஸ்டெல்லாவின் கணவர் அந்தோணி வெள்ளை யூனிஃபார்மும் தொப்பியும் போட்டு ஓட்டுவார். அவர் முன்பு டிரைவராக இருந்த கம்பெனி மூடிவிட்டதால் அந்தக் கார்தான் குடும்பத்துக்குச் சோறு. மண்டபங்களில் பேசுவது, நாள் குறிப்பது, வண்டிக்குப் பூ கட்டுவது எல்லாம் ஸ்டெல்லா. அந்தோணி பேசி நான் அதிகம் கேட்டதில்லை. பேச இடம் கிடைத்திருக்காது.

வண்டியில் பெரிய கோளாறு எதுவும் இல்லை. சித்திரை, வைகாசி வெயிலில் ஊர்வலத்தின் முடிவில் கொஞ்சம் சூடாகும். அந்தோணி ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் அடங்கிவிடும். அதை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் நான் புத்தகம் படித்தவன்.

26-3-1993 வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில், புது ரகச் சின்னக் கார் ஒன்றிலிருந்து கழற்றிய மின்சார ஃபேன் கிடைத்தது. பழைய கார்களில் ரேடியேட்டரைக் குளிர்விக்கும் ஃபேன், இன்ஜினோடு பெல்ட்டில் சேர்ந்து சுற்றும். இன்ஜின் மெதுவாக ஓடினால் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். மின்சார ஃபேனுக்கு அந்தக் கவலை இல்லை. ஊர்வலக் காருக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து இருக்க முடியாது என்று முடிவுசெய்தேன். ஸ்டெல்லாவுக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை.

"இருக்கிற ஃபேனு நல்லாதான கீது, அத்த ஏண்ணா கயட்டற?"

"அது இன்ஜின் வேகத்துக்குத்தாம்மா சுத்தும். நீங்க போறது ஆமை வேகம். இது வண்டி நின்னாலும் சுத்தும்."

"புக்குல போட்டுக்கீதா?"

"போட்டிருக்கு."

"அப்ப சரி. நம்ம தலையில எய்தினத யாரு பாத்தா, புக்குல எய்தினத நீ பாத்துகினு கீற."

28-3-1993 ஞாயிறு பொருத்தினேன். பழைய பெல்ட் ஃபேனைக் கழற்றித் துடைத்து, காகிதத்தில் சுற்றி, தேதி எழுதி அலமாரியில் வைத்தேன். இப்படிப்பட்ட காரியங்களில் நான் கெட்டி. ஜிஎஸ்டி சாலையில் வண்டலூர் வரை ஓட்டிப் பார்த்தேன். வெப்பமானியின் முள் பாதியைத் தாண்டவில்லை. குறிப்பேட்டில் "ஃபேன் ஓடுகிறது" என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக் போட்டேன்.

பங்குனி முழுக்க ஊர்வலம் எதுவும் வரவில்லை. முதல் ஊர்வலம் ஏப்ரல் 24, சனிக்கிழமை மாலை. சேலையூரில் ஒரு மண்டபத்துக்கு நூறு அடி முன்னால் வண்டி கொதித்துப் பொங்கியது. ரேடியேட்டர் மூடி வழியாக வந்த ஆவி, முன்னால் நடந்த பெரியவர் ஒருவரின் பட்டு அங்கவஸ்திரத்தை நனைத்துவிட்டது. மறுநாள் காலை ஸ்டெல்லா வந்தாள்.

"மாப்ள சொகமா குந்திகினு கீறாரு, வண்டிக்கு வேர்த்து ஊத்துது. இன்னாண்ணா பண்ணி வச்சிருக்க?"

திரும்பவும் வண்டலூர் வரை ஓட்டினேன். முள் அசையவில்லை. ஓடுகிற வண்டியில் எந்தக் குறையும் இல்லை. அப்படியானால் மூடிதான் பழசு என்று மூடியை மாற்றினேன். அடுத்த சனிக்கிழமை கொதித்தது. ரேடியேட்டரைக் கழற்றி மேற்குத் தாம்பரத்தில் ரேடியேட்டர் வேலை செய்பவரிடம் கொடுத்தேன். உள்ளே உப்பு படிந்திருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். சேலையூர்க் கிணற்று நீரின் தன்மை பற்றி அன்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். இப்போது படித்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கடுத்த சனிக்கிழமையும் கொதித்தது. தண்ணீர் பம்பை மாற்றினேன். மே 15, சனிக்கிழமை, கொதித்தது.

இதற்கு நடுவே ஒரு நாள் ஸ்டெல்லா இன்னொரு புகாரும் சொன்னாள்.

"பூச்சரம் கிரில்லுல படிஞ்சி நிக்க மாட்டேங்குதுண்ணா. முன்னாடி முன்னாடி தள்ளிகினு வருது. பாக்கவே அசிங்கமா கீது."

"நூலை நல்லா இழுத்துக் கட்டும்மா."

"பத்து வருசமா கட்டறேன். எனக்குப் பூ கட்ட சொல்லித்தர்றியா நீ?"

ஒரு மெக்கானிக்கிடம் பூவைப் பற்றிப் புகார் சொல்கிறாளே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. இன்ஜின் சம்பந்தப்பட்டதை மட்டும் எழுதுவது என் வழக்கம்.

மே 16, ஞாயிறு காலை, முதல் தடவையாக வண்டியை ஷெட்டிலேயே நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, கொதித்தது. ரேடியேட்டர் வாயில் குமிழிகள் வந்தன. இன்ஜின் பிளாக்கில் வெடிப்பு இருந்தால் எரிந்த புகை தண்ணீருக்குள் புகுந்து குமிழியாக வரும் என்று புத்தகத்தில் இருக்கிறது. கொதிக்கிற தண்ணீரிலும் குமிழி வரும் என்பது சாம்பார் வைத்த எவருக்கும் தெரியும். நான் அதுவரை சாம்பார் வைத்ததில்லை.

பிரித்துப் பார்க்காமலே தீர்ப்பு எழுதினேன். அந்தத் தைரியத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. 1991 ஆகஸ்டில், பள்ளிக்கரணையில் குடியிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் பழைய காருக்கும் இதே நோய். அதற்கும் இதே தீர்ப்புதான் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார். யாரும் எதிர்த்துக் கேட்காத தீர்ப்பு சரியான தீர்ப்பாகத்தான் இருக்கவேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் சொன்னதை ஸ்டெல்லா நின்றபடியே கேட்டாள். அந்தோணி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியின் மட்கார்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வேற இன்ஜின் போடலாமா?"

"இந்த மாடலுக்கு எங்கேயும் கிடைக்காதும்மா."

"அப்ப டாக்டரு டெத் சர்டிபிகேட்டே எய்திட்டாருன்னு சொல்லு." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "மூணு மண்டபத்துல வேற வண்டி பாத்துகினாங்க. வர்ற சனிக்கெயமை ஒண்ணே ஒண்ணு கீது. வாக்குக் குடுத்துட்டேன், அத்த முடிச்சிடறேன். திங்கக்கெயமை புதுப்பேட்டை பழைய இரும்புக்காரன வரச் சொல்றேன், வந்து அறுத்துகினு போட்டும். ஆனா சனிக்கெயமை நீ கூட வரணும். தண்ணி தூக்கினு."

அப்படித்தான் 22-5-1993 மாலை கேம்ப் ரோட்டில், இரண்டு கையிலும் இரண்டு பிளாஸ்டிக் கேன்களோடு, ஒரு மாப்பிள்ளை அழைப்பில் நடந்தேன். சலவைச் சட்டை போட்டிருந்ததால் யாரோ கன்னத்தில் சந்தனம் பூசி, கையில் கல்கண்டு கொடுத்தார்கள். கேனைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.

"நீங்க பொண்ணு வீடா?" என்று ஒரு அம்மா கேட்டார்.

"வண்டி வீடு" என்றேன்.

முன்னால் நாதஸ்வரமும் தவிலும். அதற்குப் பின்னால் கார். இரு பக்கமும் ட்யூப்லைட் சுமந்தவர்கள். ஊர்வலம் கிளம்பிய பிள்ளையார் கோயிலிலிருந்து பாதித் தூரம் வருவதற்குள் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஒரு கடை வாசலில் ஊர்வலம் நின்று ஒரு பாட்டு வாசித்தது. அந்த இடைவெளியில் தண்ணீர் ஊற்றலாம் என்று நான் முன்பக்கம் போனபோது, தவில்காரர் துண்டால் முதுகைத் துடைத்துக்கொண்டு வந்தார். நடுவயதுக்காரர், வேட்டி கட்டின இடமெல்லாம் வேர்வை.

"நீங்கதான் மெக்கானிக்கா சார்? உங்க வண்டி எம் முதுகுல ஊதுது சார்."

"இன்ஜின் சூடா இருக்குல்ல, அந்த அனல்தான்."

"அனல்னா மேல போகும். இது ஊதுது. என் வேட்டியப் பாருங்க, முன்னாடி பறக்குது. போன வருஷம் இதே வண்டிக்கு முன்னாடி வாசிச்சேன், அப்ப இப்படி இல்ல."

"காத்து அடிக்குதோ என்னவோ."

"சார், நான் மூணு வேளை சோறு சாப்பிடறதே ஊதறவங்க பக்கத்துல உக்காந்துதான். ஊதறது எது, இழுக்கறது எதுன்னு எனக்குத் தெரியாதா?"

கிரில்லுக்கு முன்னால் கையை நீட்டினேன். சூடான காற்று உள்ளங்கையைத் தள்ளியது. ஸ்டெல்லா கட்டியிருந்த மல்லிகைச் சரங்கள் எல்லாம் சாலையை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றன, வண்டி நாக்கைத் துருத்தி என்னைப் பழிப்பதுபோல. கைக்குட்டையை எடுத்துக் காட்டினேன். அதுவும் முன்னால் பறந்தது.

ரேடியேட்டர் ஃபேனின் வேலை, வெளிக்காற்றை ரேடியேட்டர் வழியாக உள்ளே இழுப்பது. இது இன்ஜின் அறையின் வெந்த காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில், கன்னத்தில் சந்தனத்தோடு நிற்கும்போது, என் குறிப்பேட்டின் ஒரு வரி ஞாபகத்துக்கு வந்தது. மார்ச் 28 காலை, பேட்டரியைச் சோதித்தபோது எழுதியது: "பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு. பழைய இங்கிலாந்து முறை. கவனம்." சிவப்பு மையில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தேன்.

இன்றைய வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் முனைதான் வண்டியின் உடம்போடு இணைந்திருக்கும். அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் தலைகீழ். விளக்குக்கும் ஹாரனுக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் விளக்கு எரியும். ஃபேன் மோட்டார் மட்டும் திரும்பிச் சுற்றும். காலையில் அதைச் சிவப்பு மையில் எழுதினேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, இருபது வருடக் கைப்பழக்கத்தில், கறுப்பு ஒயரை பாடியோடு முறுக்கினேன். ஜிஎஸ்டி சாலையில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று ஃபேனை ஜெயித்துவிட்டது. அதனால் முள் அசையவில்லை. வேகமாகவே போகாத ஒரு வண்டியை நான் வேகமாக ஓட்டியே சோதித்துக்கொண்டிருந்தேன்.

இதற்குள் மாப்பிள்ளையின் மாமா வந்துவிட்டார்.

"என்ன சார், வண்டி ஏன் நிக்குது? நடுரோட்டுல மாப்பிள்ளையை இறக்கி நடக்க வச்சா நல்லாவா இருக்கும்?"

நான் வாய் திறப்பதற்குள் ஸ்டெல்லா நடுவே வந்தாள். "எறங்கவே வாணாம் சார். பூ சரிஞ்சிகிச்சி, கட்டிக்கினு கீறாங்க. ரெண்டே நிமிசம்."

தவில்காரர் என்னைப் பார்த்தார். "ஒரு பாட்டு போதுமா சார்?"

"ரெண்டு வேணும்."

அவர் நாதஸ்வரக்காரரிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். ஆரம்பித்த வேகத்தைப் பார்த்தால் அது சீக்கிரம் முடிகிற பாட்டாகத் தெரியவில்லை. கூட்டம் சுற்றி நின்று கேட்க ஆரம்பித்தது. நான் பூவுக்கு நடுவே கையை விட்டு ஃபேனின் இரண்டு ஒயர்களைத் தேடினேன். இரண்டு விரல் வெந்தது. அந்தோணி ஃபேன் ஸ்விட்சை அணைத்தார். முறுக்கைப் பிரித்து, கறுப்பு இருந்த இடத்தில் சிவப்பையும் சிவப்பு இருந்த இடத்தில் கறுப்பையும் முறுக்கி, டேப் சுற்றினேன். தலையை ஆட்டினேன். அந்தோணி ஸ்விட்சைப் போட்டார்.

ஃபேன் ஓடியது. ஃபேன் நின்றதும் தொங்கிப்போயிருந்த சரங்கள் கொஞ்சம் தடுமாறின. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி, கிரில்லோடு போய்ப் படிந்தன.

"ஒட்டிகிச்சி" என்றாள் ஸ்டெல்லா, மெதுவாக. முதலில் அவள் கண்ணில் பட்டது பூதான்.

இரண்டாவது பாட்டு முடியும்போது அந்தோணி என்னைக் கூப்பிட்டார். "சார், முள் எறங்குது."

மண்டபம் வரை முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. மாப்பிள்ளை காரிலிருந்து மண்டப வாசலில்தான் இறங்கினார். நான் இரண்டு கேன் தண்ணீரையும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். ஷெட்டுக்கு வந்த பிறகுதான் ஸ்டெல்லா ஆரம்பித்தாள்.

"மூடிய மாத்தின. ரேடியேட்டர கயட்டின. பம்ப்ப மாத்தின. இன்ஜினே போச்சின்னு சொல்ட்ட. ரெண்டு ஒயர மாத்த மட்டும் உனக்கு மனசு வரல, இல்லண்ணா?"

மாற்றிய பாகங்களுக்கு நான் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை என்பதை எனக்குச் சாதகமாக இங்கே எழுதிவைக்கிறேன். ஸ்டெல்லா இதைப் படித்தால் அவள்தான் தரவில்லை என்று சொல்வாள். அதுவும் சரிதான்.

திங்கட்கிழமை புதுப்பேட்டையிலிருந்து ஆள் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். "வண்டி இல்லப்பா" என்றாள் ஸ்டெல்லா. "வேணுன்னா எங்க மெக்கானிக்கு நோட்டு எய்தி வச்சிகினு கீறாரு, பழைய பேப்பருக்கு எடுத்துகினு போ."

அதன் பிறகு அந்த வண்டி இன்னும் பல வருடம் மாப்பிள்ளைகளைச் சுமந்தது.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது அதிகமில்லை. மார்ச் 28-க்கும் மே 16-க்கும் நடுவே என் குறிப்பேட்டில் "ஃபேன் ஓடுகிறது" என்று ஆறு இடத்தில், ஆறு டிக்கோடு இருக்கிறது. ஓடுகிறதா என்று ஆறு தடவை கேட்டேன். எந்தப் பக்கம் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நீங்கள் எதற்காவது டிக் போடும்போது, அது எந்தக் கேள்விக்கான டிக் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். வண்டி என்ன வேலை செய்கிறதோ அந்த வேலையிலேயே அதைச் சோதியுங்கள். குறிப்பு எழுதுகிற பழக்கம் இருந்தால் நல்லது. எழுதியதைப் படிக்கிற பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் பூவைப் பற்றிப் புகார் சொன்னால் அதையும் எழுதுங்கள். வண்டியில் எது இன்ஜின் சம்பந்தப்பட்டது, எது இல்லை என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டதாக நினைத்தவன் நான்.

இதோடு முடித்திருந்தால் இது சிரித்துவிட்டுப் போகிற கதையாக இருந்திருக்கும். ஆனால் அந்த ஊர்வலத்துக்கு அடுத்த வாரம், 1991-ஆம் வருடத்துக் குறிப்பேட்டை எடுத்தேன். பள்ளிக்கரணைத் தலைமையாசிரியரின் வண்டி. அதுவும் பழைய இங்கிலாந்து மாடல். நான் முதல் முதலாக மின்சார ஃபேன் பொருத்திய வண்டி அதுதான். "பொருத்தியாயிற்று. ஃபேன் ஓடுகிறது" என்று எழுதியிருந்தேன். அதற்கு முன்னால், பேட்டரியின் எந்த முனை பாடியோடு இருந்தது என்று எழுதவே இல்லை.

அந்த மாடலில் இரண்டு விதமும் உண்டு என்று புத்தகத்தில் இருந்தது. இரும்புக் கடையில் விசாரித்தேன், எப்போதோ அறுத்துவிட்டார்கள். கடைசியில் பள்ளிக்கரணைக்கே போனேன். அவர் வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். சேலையூர்ப் பக்கம் போகவேண்டுமென்றால் இப்போது பஸ்ஸில்தான் போகிறார் என்று தெரிந்தது. பேட்டரியிலிருந்து பாடிக்குப் போன ஒயர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"கறுப்பு ஒயர்ப்பா" என்றார் உடனே.

அந்தக் காலத்து வண்டிகளில் இரண்டு ஒயருமே கறுப்பாக இருக்கும். அது எதையும் நிரூபிக்காது.

"எதுக்கு இப்போ கேக்கற?"

சொன்னேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். கேட்டு முடித்ததும் செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ என் வண்டி நல்லாத்தான் இருந்துதா?"

"தெரியலை சார்."

காபி சாப்பிட்டுப் போகச் சொன்னார். குடித்துவிட்டு வந்தேன். 1991 ஆகஸ்ட் மாதப் பக்கத்தின் ஓரத்தில், பிற்பாடு சிவப்பு மையில் நான் சேர்த்த ஒரு வரி இருக்கிறது: "பாடியோடு இருந்தது பாசிட்டிவா, நெகட்டிவா? உறுதிசெய்யப்படவில்லை." இதை எழுதும் இன்றைக்கும் அது அப்படியேதான் இருக்கிறது.